சார்ஜிங் கேபிளே கீபோர்டாக மாறித் தட்டச்சு செய்தால்? அலுவலகக் கணினிகளில் தடுப்பது எப்படி?

கணக்கர்தெரு (கேள்வி):

வணக்கம். வருமான வரி, ஜிஎஸ்டி வேலை பார்க்கும் ஆடிட் அலுவலகம். 35 கணினிகளில் விண்டோஸ் 11 ப்ரோ, ஃபைல் சர்வரில் உபுண்டு. எல்லாக் கணினியையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் இருக்கிறது. பென்டிரைவை எல்லாக் கணினியிலும் தடுத்தாயிற்று; யுஎஸ்பிஸ்டோர் சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 4 (முடக்கு) என்று மாற்றியிருக்கிறோம். ஆனால் போன் சார்ஜ் போட யார் கையில் எந்தக் கேபிள் கிடைக்கிறதோ அதை அப்படியே கணினியில் செருகுகிறார்கள். வாடிக்கையாளர்களும் கேட்டு வாங்கிச் செருகுவதுண்டு.

பார்க்கச் சாதாரணக் கேபிள் மாதிரியே இருந்துகொண்டு, உள்ளே சிப் வைத்து கீபோர்டு போலத் தட்டச்சு செய்யும் கேபிள்கள் பற்றி முதலாளி கேட்கிறார். என் கேள்விகள் மூன்று. இப்போதுள்ள பென்டிரைவ் தடுப்பு இதற்குப் போதுமா? கேபிளை வைத்துப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா? விண்டோஸில் எந்த பாலிசியை எப்படி வைத்தால் ஊழியர்களின் சொந்தக் கீபோர்டு நின்றுபோகாது?

வலைக்காவல்:

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். யுஎஸ்பிஸ்டோர் என்பது சேமிப்புச் சாதனங்களுக்கான டிரைவர். இந்தக் கேபிள் தன்னைச் சேமிப்புச் சாதனம் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. யுஎஸ்பியில் செருகப்படும் ஒவ்வொரு பொருளும் 'நான் இன்ன வகை' என்று தானே அறிவிக்கிறது. கணினி அதை அப்படியே நம்புகிறது. கீபோர்டின் இன்டர்ஃபேஸ் குறியீடு 03:01:01. இதில் 03 என்பது எச்ஐடி வகுப்பு, அதாவது கீபோர்டு, மவுஸ் மாதிரி மனிதர் கையாளும் சாதனம். அடுத்த 01 அது பூட் வகை (கணினி தொடங்கும்போதே வேலை செய்யும் எளிய வகை) என்கிறது. கடைசி 01 கீபோர்டைக் குறிக்கிறது. இந்த மூன்று எண்ணைச் சொல்லிவிட்டால் விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஓஎஸ் (இயங்குதளம்) வழக்கமாகக் கடவுச்சொல் கேட்காமல், டிரைவர் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதன்பிறகு வருவது 8 பைட் கொண்ட சின்னச் சின்ன அறிக்கைகள்: ஷிப்ட், கன்ட்ரோல் மாதிரி விசைகளுக்கு 1 பைட், காலியாக விட்ட 1 பைட், ஒரே நேரத்தில் அழுத்திய 6 விசைகளுக்கு 6 பைட். ஆன்டிவைரஸ் பரிசோதிக்க இங்கே கோப்பு எதுவும் கிடையாது. உட்கார்ந்திருக்கும் ஊழியர் தட்டியதா, கேபிள் தட்டியதா என்று ஓஎஸ்ஸுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இது நேற்று முளைத்த விஷயமில்லை. 2013 டிசம்பரில் வெளியான அமெரிக்க என்எஸ்ஏ உளவுக் கருவிப் பட்டியலில் காட்டன்மவுத்-1 என்று ஒன்று இருந்தது: யுஎஸ்பி பிளக்குக்குள் ரேடியோவோடு ஒளித்து வைத்த கருவி. 50 எண்ணிக்கைக்கு 10 லட்சத்து 15 ஆயிரம் டாலர் விலை போட்டிருந்தார்கள். 2014 ஆகஸ்டில் பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் பேட்யுஎஸ்பி என்ற பெயரில், சாதாரணப் பென்டிரைவின் கன்ட்ரோலர் சிப்பையே மாற்றி எழுதிக் கீபோர்டாக்கிக் காட்டினார்கள். 2019-ல் மைக் குரோவர் என்பவர் ஓ.எம்.ஜி கேபிளைக் கொண்டுவந்தார். பாதுகாப்புச் சோதனைக் கருவியாக ஹேக்5 நிறுவனம் அதை வெளிப்படையாகவே விற்கிறது. ஒரு கருவிக்கு இருபதாயிரம் டாலர் கேட்ட காலம் போய், நூற்றுச் சொச்சம் டாலருக்கு வந்துவிட்டது. உள்ளே வைஃபை, அதை இயக்க ஒரு வலைப்பக்கம், சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்புகள், தன்னையே அழித்துக்கொள்ளும் வசதி எல்லாம் இருக்கிறது.

வைஃபை இருப்பதுதான் இதைப் பென்டிரைவ் வடிவக் கருவிகளிலிருந்து பிரிக்கிறது. பென்டிரைவ் வடிவக் கருவி பெரும்பாலும் செருகியவுடன் கண்மூடித்தனமாகத் தட்டும். திரை பூட்டியிருந்தால் கடவுச்சொல் பெட்டியில் குப்பை விழும், அவ்வளவுதான். கேபிள் அப்படியில்லை. நாள்கணக்கில் செருகியே கிடக்கும், போனையும் ஒழுங்காக சார்ஜ் செய்யும். ஊழியர் திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்து, வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்தலாம்.

அதே சமயம் அளவறிந்து பயப்படுங்கள். நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய கேபிளை யாரும் பேருந்து நிலையத்தில் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தைக் குறிவைத்தவர்தான் கொண்டுவருவார். நூற்றுக்கணக்கானவர்களின் பான், வங்கி விவரம் வைத்திருக்கும் ஆடிட் அலுவலகம் குறிவைக்கத் தகுந்த இடம்தான் என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர்_மணி:

கேபிளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பற்றி. வெளித்தோற்றத்தை நம்பவே வேண்டாம். பிளக் அளவு, எழுத்து, நிறம் எல்லாம் அசல் போலவே செய்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தாலும் சாமானியர் குழம்பிப்போவார், ஏனென்றால் நல்ல கேபிளிலேயே சிப் இருக்கும்: 5 ஆம்பியர் சி-டு-சி (இரு முனையும் டைப்-சி) கேபிள்களில் ஈ-மார்க்கர், அதாவது கேபிளின் திறனைச் சொல்லும் சிப், கட்டாயம். 2024 டிசம்பரில் லூமாஃபீல்ட் நிறுவனம் ஓ.எம்.ஜி கேபிளை சிடி ஸ்கேன் எடுத்து வெளியிட்டபோது, மேலே தெரியும் சிப்புக்கு அடியில் இன்னொரு சிலிக்கான் துண்டு ஒளிந்திருந்தது தெரிந்தது. சாதாரணத் தட்டை எக்ஸ்ரேயில் அதைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

கையில் செய்யக்கூடிய சோதனை மின்னோட்டம்தான். ஏ-டு-சி கேபிளுக்கு இப்படிச் செய்யுங்கள். கணினியில் வேண்டாம், சுவர் சார்ஜரில் யுஎஸ்பி மீட்டரைச் செருகி, அதில் கேபிளின் ஏ முனையைச் செருகி, மறுமுனையை வெறுமனே விடுங்கள். நல்ல கேபிள் வெறும் கம்பி, மறுமுனையில் எதுவும் இல்லாதபோது மின்னோட்டம் 0.00 ஆம்பியர்தான் காட்ட வேண்டும். வைஃபை ஓடும் சிப் உள்ளே இருந்தால் ஏறத்தாழ 0.05 ஆம்பியருக்கு மேல், சிக்னல் அனுப்பும்போது இன்னும் கூடுதலாகத் துள்ளும். மூன்று நான்கு நிமிடம் வைத்துப் பாருங்கள். சிப் தூங்கி எழும்போதுதான் துள்ளல் தெரியும். மீட்டர் 0.01 ஆம்பியர் வரை காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், 0.1 மட்டும் காட்டும் மலிவு மீட்டரால் பயனில்லை. பவர்பேங்க் வைத்துச் செய்தால் குறைந்த சுமை என்று நினைத்து அதுவே அணைந்துவிடும், அதனால்தான் சுவர் சார்ஜர் என்றேன்.

சி-டு-சி கேபிளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. விதிப்படி செய்த சி சார்ஜர், எதிர்ப்பக்கத்தில் சிசி கம்பியில் (இணைப்பை உணரும் கம்பி) 5.1 கிலோ ஓம் மின்தடை தெரிந்தால்தான் 5 வோல்ட்டையே திறந்துவிடும். மறுமுனை வெறுமனே இருந்தால் கேபிளில் மின்சாரமே வராது, உள்ளே சிப் இருந்தாலும் அது இயங்காது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது வோல்ட். மறுமுனையில் எதுவும் இல்லாமலே மீட்டர் 5 வோல்ட் காட்டினால், கேபிளுக்குள் ஏதோ ஒன்று 'நான் இருக்கிறேன்' என்று சொல்லி மின்சாரம் வாங்குகிறது. மலிவு சார்ஜர் சில எப்போதும் 5 வோல்ட்டைத் திறந்தே வைத்திருக்கும், ஆகவே முதலில் மீட்டரை மட்டும் செருகிப் பார்த்து சார்ஜர் ஒழுங்கானதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கேபிளின் இரு முனைகளையும் மாற்றி மாற்றிச் சோதியுங்கள், சிப் ஒரு முனையில்தான் இருக்கும்.

மல்டிமீட்டரால் தரவுக் கம்பியின் தொடர்ச்சியையும் பார்க்கலாம், ஆனால் அதில் சிக்கல் உண்டு. சிப் குறுக்கே உட்கார்ந்த கேபிளில் மின்சாரம் இல்லாதபோது தொடர்ச்சி கிடைக்காமல் போகலாம். சார்ஜுக்கு மட்டுமான மலிவுக் கேபிளிலும் கிடைக்காது. இரண்டையும் இதை வைத்துப் பிரிக்க முடியாது.

இதில் எதிலும் மாட்டாமல் தப்பிப்பதற்காகவே வடிவமைத்த கேபிளும் வரலாம். சோதனையில் மாட்டினால் கேபிள் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். மாட்டவில்லை என்பதற்காக நல்லது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கேபிளை அலுவலகமே நம்பகமான கடையில் மொத்தமாக வாங்கி, நிறப்பட்டி ஒட்டி, பட்டி இல்லாத கேபிள் கணினியில் இருக்கவே கூடாது என்று வைப்பது இந்தச் சோதனையை விட எளிது.

நெல்லை_அட்மின்:

விண்டோஸ் பாலிசிக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் சொதப்புவார்கள், பொறுமையாகப் படியுங்கள் சார்.

குரூப் பாலிசியில் (டொமைன் கணினிகளுக்கு விதி வைக்கும் இடம்) கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், டிவைஸ் இன்ஸ்டாலேஷன், அதற்குள் டிவைஸ் இன்ஸ்டாலேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ். கீபோர்டு வகுப்பை மொத்தமாகத் தடுக்கும் பாலிசியைத் தொடாதீர்கள். அதில் 'ஏற்கெனவே நிறுவியவற்றுக்கும் பொருந்தும்' என்ற பெட்டியை டிக் செய்துவிட்டால் மேசைக் கீபோர்டும் லேப்டாப்பின் உள்கீபோர்டும் சேர்ந்தே போய்விடும்; எல்லாம் ஒரே வகுப்பு. வேண்டியது எதிர்த்திசை: அனுமதிப் பட்டியலில் இல்லாத எந்தச் சாதனத்தையும் நிறுவாதே என்ற பாலிசி, கூடவே ஹார்டுவேர் ஐடி (சாதனத்தின் அடையாள எண்) வாரியான அனுமதிப் பட்டியல்.

முதல் சொதப்பல் பட்டியலில்தான் நடக்கும். ஒரு கீபோர்டு செருகினால் டிவைஸ் மேனேஜரில் ஒரு வரி இல்லை, பல வரி உண்டாகும்: யுஎஸ்பி என்று தொடங்கும் தாய்ச் சாதனம், அதன் இன்டர்ஃபேஸ்கள், அவற்றின் கீழே எச்ஐடி என்று தொடங்கும் பிள்ளைகள். பிள்ளையை மட்டும் பட்டியலில் போட்டுத் தாயை விட்டுவிட்டால் புதிய கீபோர்டு வேலை செய்யாது. 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியின் ஹார்டுவேர் ஐடியையும் எடுங்கள். யுஎஸ்பி ரூட் ஹப், வெளி ஹப், டாக் எல்லாமும் அதில் சேரும்.

இரண்டாவது, இந்தத் தடை புதிதாக நிறுவப்படும் சாதனத்துக்குத்தான். பாலிசி வருவதற்கு முன்பே ஒருமுறை செருகப்பட்ட கள்ளக் கேபிள் அந்தக் கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட சாதனம். 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' போட்டு, மங்கலாகத் தெரியும் பழைய கீபோர்டு பதிவுகளை நீக்கிவிட்டுப் பிறகு பாலிசியைத் தள்ளுங்கள்.

மூன்றாவது, அட்மினிஸ்ட்ரேட்டர்கள் இந்தத் தடையைத் தாண்டலாம் என்ற தனி பாலிசியையும் இயக்கி வையுங்கள். கீபோர்டு பழுதாகி மாற்றும் நாளில் வேலை நிற்காது. அதோடு பட்டியலில் உள்ள அதே மாடல் கீபோர்டு இரண்டு மூன்றை அலமாரியில் வைத்திருங்கள்.

ஐந்து கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தள்ளுவது நல்லது.

பாலிசியை விட முக்கியமானது ஒன்று உண்டு. ஊழியர்கள் அட்மின் கணக்கில் வேலை செய்கிறார்களா? டேலி ஓட வேண்டும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்ய வேண்டும் என்று பல அலுவலகத்தில் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். அட்மின் கணக்கில் யுஏசி (விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டி) வெறும் 'ஆம், இல்லை' கேள்விதான் கேட்கும், கேபிள் ஆல்ட்டும் ஒய்யும் அழுத்திக் கடந்துவிடும். சாதாரணக் கணக்கில் அட்மின் கடவுச்சொல் கேட்கும், அது கேபிளுக்குத் தெரியாது. இந்த ஒரு மாற்றம் பாதிச் சேதத்தைக் குறைக்கும். கட்டளை தட்டும் ரன் பெட்டியை நீக்குவது மட்டும் பயன் தராது. ஸ்டார்ட் மெனு தேடலிலேயே பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறக்கலாம். ஊழியர்களுக்கு பவர்ஷெல் தேவையில்லை என்றால் எந்த நிரல் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்லாக்கர் மூலம் அதையே நிறுத்துங்கள்.

பனைமர_நிழல்:

நெல்லை_அட்மின் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹார்டுவேர் ஐடி என்பது சாதனம் தானே சொல்லிக்கொள்ளும் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும்தான். 35 மேசையிலும் ஒரே மாடல் கீபோர்டு இருந்தால், வந்து போகிறவர் கண்ணால் பார்த்தே அந்த எண்ணைக் கேபிளில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பாலிசி மட்டும் சுவராகாது, தடையின் ஒரு அடுக்கு அது.

உபுண்டு சர்வருக்கு யுஎஸ்பிகார்ட் என்ற யுஎஸ்பி தடுப்பு நிரலைப் போடுங்கள். அது போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும்: இந்த எண், இந்த விவரத் தொகுப்பின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி எண்), இந்த போர்ட், இந்த இன்டர்ஃபேஸ்கள், நான்கும் பொருந்தினால்தான் அனுமதி. வரிசை முக்கியம். இருக்க வேண்டிய சாதனங்களை மட்டும் செருகி வைத்து, 'ஜெனரேட்-பாலிசி' கட்டளையின் வெளியீட்டை விதிக் கோப்பில் சேமித்து, படித்துப் பார்த்து, அதன்பிறகு சேவையைத் தொடங்க வேண்டும். விதிக் கோப்பு காலியாக இருக்கும்போது தொடங்கினால் உங்கள் கீபோர்டே தடைபடும். வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும்) இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். போர்ட் மாற்றிச் செருகினாலும் தடைபடும் என்று ஸ்டிக்கர் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் போன் வரும்.

ஒரு கீபோர்டு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தால் இரண்டாவதை மறு என்றும் விதி எழுதலாம். ஆனால் கணினி இயங்கத் தொடங்கும்போது கள்ளக் கேபிள் முந்திக்கொண்டால் அசல் கீபோர்டுதான் வெளியே நிற்கும்.

தட்டும் வேகத்தை வைத்துப் பிடிக்க கூகுள் 2020-ல் யுகிப் என்ற லினக்ஸ் நிரலைத் திறந்த மூலமாகக் கொடுத்தது. மனிதக் கையால் முடியாத வேகம் என்றால் சாதனத்தைத் துண்டிக்கும். அவசரக்காரத் தாக்குதலுக்கு நல்லது. விசைகளுக்கு இடையே தாறுமாறான இடைவெளி விட்டு மெதுவாகத் தட்டினால் கண்ணில் படாது.

யாழ்_விசை:

ஒரு சந்தேகம். கீபோர்டு அனுப்புவது எழுத்து இல்லை, விசையின் எண் மட்டும்தானே. கணினியில் தமிழ்99 தளவமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் கேபிள் தட்டும் ஆங்கிலக் கட்டளை தமிழ் எழுத்தாக விழுந்து கெட்டுப்போகாதா? அதைப் பாதுகாப்பாகக் கொள்ளலாமா?

வலைக்காவல்:

கேள்வி சரியானது, கணிப்பும் சரி. தமிழ்99 இயங்கும்போது கண்மூடித்தனமாகத் தட்டும் கட்டளை உண்மையிலேயே குப்பையாகத்தான் விழும். பிரெஞ்சு, ஜெர்மன் தளவமைப்புகளிலும் இதே தகராறு உண்டு. தாக்குகிறவர்கள் மொழிவாரியாகத் தனி அட்டவணை வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனாலும் பாதுகாப்பாக நம்ப முடியாது. விண்டோஸ் விசையும் ஸ்பேசும் அழுத்தினால் தளவமைப்பு மாறிவிடும், ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் எண் தட்டினால் எந்தத் தளவமைப்பிலும் ஆங்கில எழுத்து வரும். வைஃபை வழியாக ஒருவர் பார்த்துப் பார்த்து இயக்கினால் ஒரு முறை தவறியதும் மாற்றிக்கொள்வார்.

கணக்கர்தெரு:

மிக்க நன்றி எல்லோருக்கும். இன்னும் இரண்டு. வாடிக்கையாளர் சார்ஜ் போடுவதற்கு டேட்டா பிளாக்கர் வாங்கி எல்லாக் கணினியிலும் மாட்டிவிடலாமா? சந்தேகக் கேபிள் ஏற்கெனவே செருகப்பட்டது என்று தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மல்டிமீட்டர்_மணி:

டேட்டா பிளாக்கர் தரவுக் கம்பி இரண்டையும் துண்டிக்கிறது, அதனால் கணினிக்கும் கேபிளுக்கும் நடுவே இருந்தால் விசை எதுவும் கணினிக்குப் போகாது. இடம் மாறி, கேபிளுக்கும் போனுக்கும் நடுவே மாட்டினால் கணினிக்குப் பாதுகாப்பு பூஜ்யம், போனுக்கு மட்டும்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. போன் பக்கம் இரு தரவுக் கம்பியையும் ஒன்றாக இணைத்த பிளாக்கர் வாங்கினால் போன் அதைச் சார்ஜர் என்று எண்ணி, போர்ட் கொடுக்குமானால் 1.5 ஆம்பியர் வரை எடுக்கும். வெறுமனே துண்டித்ததில் 0.5 ஆம்பியருக்குள் முடங்கி, 'மெதுவாக சார்ஜ் ஆகிறது' என்று கழற்றி எறிந்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் 35 பிளாக்கருக்குப் பதில், வரவேற்பறையில் கேபிளோடு சேர்ந்த சுவர் சார்ஜர் நான்கு வைத்து, கணினியில் சார்ஜ் போடுவதையே நிறுத்துங்கள். முன்பக்க போர்ட்களை பயாஸில் அணைத்து, அதற்குக் கடவுச்சொல்லும் வையுங்கள். அந்தப் பொதுச் சார்ஜரை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: 2025-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாய்ஸ்ஜாக்கிங் என்று, சார்ஜரே கீபோர்டாகி போனின் 'தரவை அனுமதிக்கவா' கேள்விக்குத் தானே ஒப்புதல் தட்டும் முறையைக் காட்டினார்கள். போன் மென்பொருளைப் புதுப்பித்து வைக்கச் சொல்லுங்கள்.

நெல்லை_அட்மின்:

செருகப்பட்டது தெரிந்தால் முதலில் நெட்வொர்க்கைப் பிடுங்குங்கள், லேன் வயரும் வைஃபையும். கேபிள் தட்ட வேண்டியதை எப்போதோ தட்டி முடித்திருக்கலாம். இப்போது ஓடிக்கொண்டிருப்பது அது இறக்கி வைத்த நிரலாக இருக்கும். பிறகு திரையையும் கேபிள் இருந்த போர்ட்டையும் படம் எடுத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியதும் அதற்கு மின்சாரம் இல்லை, ரேடியோவும் செத்துவிடும், அலுமினியத் தாளில் சுற்ற வேண்டிய அவசியமில்லை. உறையில் போட்டு நேரம், கணினிப் பெயர் எழுதுங்கள். 'என்ன இருக்கிறது பார்க்கலாம்' என்று வேறு கணினியில் செருகாதீர்கள், தடயத்தை அழித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது.

தடயம் தேட வேண்டிய இடங்கள்: விண்டோஸ் கோப்புறைக்குள் ஐஎன்எஃப் கோப்புறையில் 'செட்டப்ஏபிஐ.டெவ்' லாக். ஒரு சாதனம் முதன்முதலில் நிறுவப்பட்ட நேரம் அதில் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் ரன்எம்ஆர்யூ, ரன் பெட்டியில் கடைசியாகத் தட்டியவை. ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியில் 6416, புதிய வெளிச்சாதனம் செருகப்பட்டதற்கான எண். பவர்ஷெல் பகுதியில் 4104, ஓடிய ஸ்கிரிப்டின் முழு வாசகம். கடைசி இரண்டையும் முன்கூட்டியே இயக்கி வைத்தால்தான் முழுமையாகப் பதிவாகும்: 6416-க்கு ஆடிட் பாலிசியில் பிஎன்பி ஆக்டிவிட்டி, 4104-க்கு ஸ்கிரிப்ட் பிளாக் லாகிங். இன்றைக்கே 35 கணினியிலும் இயக்கிவிடுங்கள் சார், செலவில்லாத வேலை. 6416 வந்து, அதன் வகுப்புப் பெயர் கீபோர்டு என்று இருந்தால் உங்களுக்கு மெயில் வரும்படியும் வைக்கலாம்; அலுவலகத்தில் தினமும் யாரும் புதுக் கீபோர்டு மாற்றுவதில்லை, வீண் எச்சரிக்கை குறைவாகவே வரும்.

அந்தக் கணினியைச் சுத்தம் செய்து தொடர வேண்டாம், டிஸ்க்கை நகலெடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அதில் பயன்படுத்திய வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி தளக் கடவுச்சொற்களை வேறொரு நல்ல கணினியிலிருந்து மாற்றுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் அப்போது செருகியிருந்ததா என்று கேளுங்கள். டோக்கனின் ரகசிய எண்ணை (PIN) அந்தக் கணினியில் தட்டியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 2022 ஏப்ரல் 28-ம் தேதியிட்ட செர்ட்-இன் (இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு) உத்தரவுப்படி, நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். யார் தெரிவிப்பது, யார் கையெழுத்து என்பதை இப்போதே எழுதி சர்வர் அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.